கமெலான் கற்றல்: பல்கலைக்கழக இசைக்குழுவில் கேட்டலும் கூட்டிசையும்

ஆய்வுச்சுருக்கம்

இந்தோனேசியாவின் நடு ஜாவாப் பகுதிக்குரிய கமெலான் இசை, 1950களிலிருந்து ஜாவாவுக்கு வெளியேயுள்ள பல்கலைக்கழகங்களிலும் செய்முறைப் பாடமாகக் கற்பிக்கப்பட்டு வருகிறது. ஒரு பருவகாலப் படிப்பில் முன்பயிற்சி இல்லாத மாணவர் இவ்விசையில் எவற்றைக் கற்றுக்கொள்கிறார், எவை அவருக்கு எட்டாமல் நின்றுவிடுகின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. கருவிகளின் பணிப்பகுப்பு, காலச்சுழற்சி, ஈராமா என்னும் அடர்த்திநிலை, எண்குறியீடு ஆகியவை கற்போரின் நிலையிலிருந்து விளக்கப்படுகின்றன. எளிய கருவியில் தொடங்கும் பாடமுறை, மாணவரின் செவியை மட்டுமன்றி அவ்விசையைப் பற்றிய கோட்பாட்டையும் ஒருபக்கமாகச் சாய்க்கக்கூடும் என்பது இக்கட்டுரை முன்வைக்கும் கருத்தாகும்.

திறவுச்சொற்கள்: கமெலான், காராவிதான், பாலுங்கான், ஈராமா, இரு இசைத் தேர்ச்சி, செய்முறைக் கல்வி.

1. முன்னுரை

ஓர் இசையைப் பற்றி அறிவதும் அவ்விசையை அறிவதும் ஒன்றல்ல. நூல்களையும் ஒலிப்பதிவுகளையும் கொண்டு ஓர் இசைமரபின் வரலாறு, கருவிகள், சுரவமைப்பு ஆகியவற்றை விளக்கிவிட முடியும். ஆயினும் அம்மரபைச் சேர்ந்த கலைஞர் ஒரு நொடியில் எதைக் கேட்டு எப்படி எதிர்வினையாற்றுகிறார் என்பது, கையில் கருவியை எடுத்துப் பழகாதவருக்கு விளங்குவது அரிது. இந்த இடைவெளியைக் குறைக்கும் நோக்கில் உருவானவையே பல்கலைக்கழக இசைக்குழுக்கள்.

அத்தகைய குழுக்களுள் கமெலான் குழு தனித்த இடம் பெறுகிறது. ஒருவர் தனித்திருந்து பழகிவிட்டுப் பின்னர் குழுவில் சேரும் இசையன்று இது. குழு கூடாதபோது பாடமும் நிகழாது. கருவிகளை வீட்டுக்கு எடுத்துச் செல்லவும் இயலாது. ஆகவே கற்பவர், கற்பிப்பவர், கருவித்தொகுதி ஆகிய மூன்றும் ஒரே அறையில் இருக்கும் நேரத்திலேயே கற்றல் நிகழவேண்டியுள்ளது.

மணிமேகலை சுட்டும் சாவகநாட்டை இன்றைய ஜாவாவோடு இணைத்துக் காணும் வழக்கம் தமிழாய்வில் உண்டு. அந்நிலத்தின் பெயர் தமிழருக்குப் பழகியதாயினும் அதன் இசை அவ்வளவு பழகியதன்று. எனவே இக்கட்டுரை அடிப்படைச் செய்திகளிலிருந்து தொடங்குகிறது. பாலித்தீவின் கமெலான் வேறு கருவியமைப்பும் வேறு வாசிப்புமுறையும் கொண்டது. அதனால் இவ்விளக்கம் நடு ஜாவா மரபோடு நிறுத்திக்கொள்ளப்படுகிறது.

2. கருவித்தொகுதியும் சுரவமைப்பும்

கமெலான் என்னும் பெயர், அடித்தல் அல்லது கையாளுதல் என்னும் பொருளுடைய ஜாவானியச் சொல்லோடு தொடர்புடையது. இச்சொல் கருவித்தொகுதியையே குறிக்கும். அத்தொகுதியைக் கொண்டு நிகழ்த்தப்படும் இசைக்கலையும் அதனோடு இயைந்த குரலிசையும் காராவிதான் எனப்படும். கருவிகளுள் பெரும்பாலானவை வெண்கலத்தால் ஆனவை. ஏறத்தாழ பத்துப் பங்கு செம்புக்கு மூன்று பங்கு தகரம் என்பது மரபாகச் சொல்லப்படும் அளவு.

பணியின் அடிப்படையில் இக்கருவிகளை நான்கு பிரிவுகளாகக் காணலாம். முதற்பிரிவு, காலச்சுழற்சியைப் பகுத்துக் காட்டுவது. கோங் அகெங் என்னும் பெரிய தொங்குமணி, அதனினும் சிறிய கெம்புல், கிடைமட்டமாக வைக்கப்படும் கெனோங், கெதுக், கெம்ப்யாங் ஆகியவை இப்பிரிவில் அடங்கும். இரண்டாம் பிரிவு, பாலுங்கான் எனப்படும் மெலடிச் சட்டகத்தை வாசிப்பது. மரத்தொட்டியின்மேல் வெண்கலப் பட்டைகள் பொருத்தப்பட்ட சாரோன் வகைகளும், குழல்களின்மேல் மெல்லிய பட்டைகள் தொங்கவிடப்பட்ட ஸ்லெந்தெமும் இப்பணியைச் செய்கின்றன. மூன்றாம் பிரிவு, அச்சட்டகத்தை விரித்து அழகூட்டுவது. இரு வரிசைச் சிறுமணிகளைக் கொண்ட போனாங், இரு கைகளாலும் வாசிக்கப்படும் கெண்டேர், மரப்பட்டைகளாலான கம்பாங், நரம்புக்கருவிகளான ரெபாபும் சித்தெரும், சூலிங் என்னும் குழல் ஆகியவற்றோடு பெண் தனிக்குரலும் ஆண் குழுக்குரலும் இதில் அடங்கும். நான்காவது, கெண்டாங் என்னும் முழவு. வேகத்தையும் நிலைமாற்றங்களையும் இது வழிநடத்துகிறது.

சுரவமைப்பு இருவகைப்படும். ஸ்லெண்ட்ரோ என்பது ஏறத்தாழச் சம இடைவெளியுடைய ஐந்து சுரங்களைக் கொண்டது. பெலோக் என்பது சமமற்ற இடைவெளியுடைய ஏழு சுரங்களைக் கொண்டது. இரண்டையும் வாசிக்கும் முழுத்தொகுதியில் ஒவ்வொரு கருவியும் பெரும்பாலும் இரட்டையாக இருக்கும். ஒரு தொகுதியின் சுரநிலையும் மற்றொரு தொகுதியின் சுரநிலையும் துல்லியமாக ஒத்திருப்பதில்லை. எல்லாத் தொகுதிகளுக்கும் பொதுவான ஆதார அளவு ஒன்று வகுக்கப்படவில்லை. ஒரு தொகுதியின் கருவியை எடுத்து வேறொன்றில் சேர்க்க முடியாமைக்கு இதுவே காரணம். கருவித்தொகுதிகளுக்குத் தனிப்பெயர் இட்டு, வணக்கத்திற்குரியோரை விளிக்கும் 'கியாயி' என்னும் அடைமொழியும் சேர்த்து வழங்கும் வழக்கம் இத்தனித்தன்மையோடு பொருந்தி நிற்கிறது.

3. பல்கலைக்கழகத்திற்குள் கமெலான்

ஜாவாவிலேயே கமெலான் கல்வி நிறுவனமயமானது அண்மைக் காலத்தில்தான். அரண்மனைகளிலும் ஊர்களிலும் இவ்விசை, மூத்தோர் வாசிப்பதைக் கேட்டும் பார்த்தும் பின்பற்றியும் கற்கப்பட்டது. 1950இல் சுரகார்த்தாவில் காராவிதான் கலைக்கான அரசு இசைப்பள்ளி தொடங்கப்பட்டது. 1964இல் உயர்கல்வி நிலையிலான கலைக்கழகம் அங்கு உருவாயிற்று. இன்றைய இந்தோனேசியக் கலை நிறுவனத்தின் சுரகார்த்தா வளாகம் அதன் தொடர்ச்சியாகும். வகுப்பறை, பாடத்திட்டம், தேர்வு ஆகியவை வந்தபோது, அதுவரை செவிவழியாக வந்த அறிவைச் சொற்களில் வகுத்துரைக்க வேண்டிய தேவையும் எழுந்தது. மார்த்தோபங்ராவித் (1914–1986) போன்ற கலைஞர்கள் ஆசிரியராகவும் கோட்பாட்டாளராகவும் விளங்கி அத்தேவையை நிறைவேற்றினர்.

ஏறத்தாழ இதே காலத்தில் அமெரிக்காவிலும் கமெலான் பல்கலைக்கழகத்திற்குள் வந்தது. ஆம்ஸ்டர்டாமில் யாப் குன்ஸ்ட் என்னும் டச்சு அறிஞரிடம் பயின்ற மாண்டில் ஹூட் (1918–2005), லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவர் வாசிப்புக் குழுக்களை 1950களில் ஏற்படுத்தினார். அங்குள்ள ஜாவானியத் தொகுதி 'கியாயி மெண்டுங்' என்னும் பெயருடையது. கருமுகில் என்பது அதன் பொருள். ஜாவாவிலிருந்து வந்த ஹார்ஜா சுசிலோ அங்கே கற்பித்தார். பின்னர் ஹவாய்ப் பல்கலைக்கழகத்திலும் அவர் பல்லாண்டுகள் பணியாற்றினார்.

1960இல் ஹூட் வெளியிட்ட கட்டுரையொன்று இக்கல்விமுறைக்குக் கோட்பாட்டு அடித்தளம் அமைத்தது. இருமொழிப் புலமை உடையவர் இரு மொழிகளிலும் இயல்பாகப் புழங்குவதுபோல, இசை ஆய்வாளரும் தம் இசையோடு மற்றொரு இசையிலும் வாசிப்புத்திறன் பெறவேண்டும் என்பது அவர் வாதம். இதனைத் தமிழில் 'இரு இசைத் தேர்ச்சி' எனலாம். செவி, கண், கை, குரல் ஆகியவற்றைப் பழக்குவதும் இசையறிவின் பகுதியே என்பது இதன் உட்பொருள்.

இவ்வரலாற்றில் தமிழிசைக்கும் நேரடித் தொடர்பு உண்டு. வீணை தனம்மாளின் பெயரரான புல்லாங்குழல் கலைஞர் தி. விசுவநாதன் 1958இல் ஃபுல்பிரைட் நிதியுதவியோடு ஹூட்டின் துறைக்குச் சென்றார். அவருடைய தமையன் மிருதங்கக் கலைஞர் தி. ரங்கநாதன் 1963இல் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கத் தொடங்கினார். அங்கு உலக இசைப் படிப்பை உருவாக்கிய இராபர்ட் இ. பிரௌன், ஹூட்டின் மாணவர். மிருதங்கத்தை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றவர். 1977இல் வொயேஜர் விண்கலங்களோடு அனுப்பப்பட்ட பொற்தட்டில் இடம்பெற்ற ஜாவானிய கமெலான் இசையைப் பதிவுசெய்தவரும் அவரே. ஜாவானிய அறிஞர் சுமார்சாம் 1972 முதல் வெஸ்லியனில் கற்பித்தார். ஆகவே மிருதங்கச் சொற்கட்டும் கமெலானும் ஒரே கல்வித்திட்டத்தின் அடுத்தடுத்த அறைகளில் பயிலப்பட்டன எனலாம்.

4. முதற்பாடம்: அடித்தலும் அடக்குதலும்

தொடக்கநிலை மாணவருக்குப் பெரும்பாலும் சாரோன் தரப்படுகிறது. ஒரு கையில் மரச்சுத்தி, எதிரே ஆறு அல்லது ஏழு பட்டைகள், வாசிக்க வேண்டியது ஒரே ஒரு மெலடி வரி என்பதால் இது மிக எளிய கருவியாகத் தோன்றும். ஆனால் அடிப்பதில் இல்லாத சிக்கல், ஒலியை அடக்குவதில் உண்டு.

வெண்கலப் பட்டை அடித்தபின் நெடுநேரம் ஒலிக்கும். அடுத்த பட்டையை அடிக்கும்போது முந்தைய ஒலி அடங்காவிட்டால் இரண்டும் கலந்து மெலடி மங்கிவிடும். அடிக்கும் முன்னரே அடக்கினால் இரு சுரங்களுக்கிடையே வெற்றிடம் விழும். ஆகவே வலக்கை புதிய பட்டையை அடிக்கும் அதே கணத்தில், இடக்கையின் பெருவிரலும் சுட்டுவிரலும் பழைய பட்டையைப் பற்றி அடக்க வேண்டும். இதனால் இடக்கை எப்போதும் வலக்கையைவிட ஒரு சுரம் பின்னால் பயணம் செய்கிறது. மாணவர் வாசித்துக்கொண்டிருக்கும் சுரத்தையும் வாசித்து முடித்த சுரத்தையும் ஒருசேர மனத்தில் வைத்திருக்க வேண்டியவராகிறார்.

இச்சிறு பயிற்சி ஒரு பெரிய செய்தியைக் கற்பிக்கிறது. ஒலியைத் தொடங்குவது எந்த அளவுக்குப் பொறுப்போ, அதை முடிப்பதும் அந்த அளவுக்குப் பொறுப்பு. பலர் ஒரே வரியை வாசிக்கும்போது ஒருவர் அடக்கத் தவறினாலும் குழு முழுவதன் ஒலியும் கலங்கும். தன் பிழையைத் தனியே பிரித்துக் கேட்கும் செவியும், தன் ஒலியைக் குழுவின் ஒலிக்குள் கரைக்கும் பழக்கமும் இங்கேயே தொடங்குகின்றன.

5. முடிவில் விழும் அழுத்தம்

பாலுங்கான் நான்கு நான்கு அடிகளாகப் பகுக்கப்படுகிறது. ஒரு நான்கடித் தொகுதி காத்ரா எனப்படும். அதன் நான்காம் அடியே வலிமையுடையது. மற்ற மூன்றும் அதை நோக்கிச் செல்கின்றன. இவ்விறுதிச் சுரம் செலே என வழங்கப்படுகிறது. காத்ராக்கள் சேர்ந்து அமையும் பெருஞ்சுழற்சியின் இறுதியில் கோங் ஒலிக்கும்.

கருநாடக இசையில் பழகியவருக்கு இது ஒரு தலைகீழ் அனுபவமாக அமையும். ஆதிதாளத்தில் சமம் சுழற்சியின் முதல் எண்ணிக்கையாகக் கொள்ளப்படுகிறது. ஜாவாவில் கோங் சுழற்சியின் இறுதி எண்ணிக்கையாகக் கொள்ளப்படுகிறது. இரண்டும் ஒரே வட்டத்தின் ஒரே புள்ளியே என்று கணக்களவில் வாதிடலாம். ஆனால் அப்புள்ளியிலிருந்து புறப்படுகிறோம் என்று எண்ணி வாசிப்பதற்கும், அப்புள்ளியை நோக்கிச் சென்றுகொண்டிருக்கிறோம் என்று எண்ணி வாசிப்பதற்கும் வேறுபாடு உண்டு. மேலைநாட்டு மாணவரும் முதல் அடியில் அழுத்தம் கொடுத்தே பழகியவர். எனவே அவரும் இதே இடத்தில் தடுமாறுவார்.

இதனை லாத்ராங் என்னும் இசைவடிவத்தைக் கொண்டு விளக்கலாம். இதன் ஒரு சுழற்சி 32 அடிகளைக் கொண்டது. கெனோங் 8, 16, 24, 32 ஆகிய அடிகளில் ஒலிக்கும். 32ஆம் அடியில் கோங் சேர்ந்து ஒலிக்கும். கெம்புல் 12, 20, 28 ஆகிய அடிகளில் ஒலிக்கும். ஒழுங்கின்படி 4ஆம் அடியிலும் கெம்புல் வரவேண்டும் என எதிர்பார்க்கத் தோன்றும். ஆனால் அங்கே அது ஒலிப்பதில்லை. கோங்கின் நீண்ட அதிர்வுக்கு இடம்விட்டு அவ்விடம் வெறுமையாக விடப்படுகிறது. இதனை வெலா என்பர்.

புதிதாகக் கெம்புல் வாசிப்பவர் தவறி அடிக்க வாய்ப்புள்ள இடம் இதுவே. எண்ணிக்கொண்டு வாசிப்பவருக்கு நான்காம் அடி மற்ற அடிகளைப் போன்றதுதான். கேட்டு வாசிப்பவருக்கோ, கோங்கின் ஒலி இன்னும் அடங்கவில்லை என்பதே அடிக்காதிருக்கப் போதுமான அறிவிப்பு. எண்ணுதலிலிருந்து கேட்டலுக்கு மாறுவதே கமெலான் கல்வியின் முதற்படி என்பதற்கு இந்த ஒரு வெற்றிடம் சான்றாகும்.

6. ஈராமா: விரியும் காலம்

கமெலானில் வேகம் என்பது ஒற்றைப் பரிமாணம் உடையதன்று. ஈராமா என்னும் கருத்து, பாலுங்கானின் ஓர் அடிக்கும் அதை விரிக்கும் கருவிகளின் அடிகளுக்கும் உள்ள விகிதத்தைக் குறிக்கிறது. சாரோன் வகையில் மிகச் சிறியதான பெக்கிங்கை அளவாகக் கொண்டால், பாலுங்கானின் ஓரடிக்குப் பெக்கிங் ஒன்று, இரண்டு, நான்கு, எட்டு, பதினாறு என அடிக்கும் நிலைகள் உள்ளன.

விளக்கத்திற்காக 6 5 3 2 என்னும் ஒரு காத்ராவை எடுத்துக்கொள்வோம். இரண்டடி நிலையில் பெக்கிங் 6 6 5 5 3 3 2 2 என வாசிக்கும். நான்கடி நிலையில் 6 6 5 5 6 6 5 5 3 3 2 2 3 3 2 2 என வாசிக்கும். போனாங் இதே காத்ராவை இரண்டிரண்டு சுரங்களாகப் பிரித்து, 6 5 6 5 3 2 3 2 என முன்கூட்டியே தொட்டுச் செல்லும். சாரோன் வாசிப்பவர் அடுத்துத் தாம் அடிக்கவேண்டிய சுரத்தைப் போனாங்கிலிருந்தே கேட்டறிய முடியும்.

கெண்டாங் வாசிப்பவர் வேகத்தைக் குறைக்கும்போது பாலுங்கானின் அடிகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. ஓர் எல்லைக்குமேல் விலகியதும், விரிக்கும் கருவிகள் தம் அடிகளை இரட்டித்து அவ்விடைவெளியை நிரப்புகின்றன. அதனால் சாரோன் பாதியளவு வேகத்திற்குச் சென்றாலும் பெக்கிங்கின் வேகம் ஏறத்தாழ முன்போலவே இருக்கும். இம்மாற்றத்தை யாரும் கையசைத்து அறிவிப்பதில்லை. முழவின் ஒலியே அறிவிப்பு.

மாணவருக்கு மிகக் கடினமான கட்டங்களுள் இதுவும் ஒன்று. மெதுவாகும் சாரோனைக் கேட்டு ஸ்லெந்தெம் தயங்கும், தயங்கும் ஸ்லெந்தெமைக் கேட்டு மற்றவை மேலும் தயங்கும், குழு முழுவதும் சோர்ந்து நின்றுவிடும். விரைந்து ஓடும் நுண்ணடிகளைத் தம்முள் உணர்ந்தவாறே அகன்ற அடிகளை வாசிக்கப் பழகியவரே இந்நிலையில் உறுதியாக நிற்க முடிகிறது. பெக்கிங்கையும் ஸ்லெந்தெமையும் மாறிமாறி வாசித்துப் பழகியவருக்கு இது விரைவில் கைகூடும். கருவிகளைச் சுழற்சிமுறையில் மாற்றிக் கற்பிப்பதன் பயன் இதில் வெளிப்படுகிறது.

7. எண்குறியீடு: துணையும் தடையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியையொட்டிச் சுரகார்த்தாவில் எண்களாலான ஒரு குறியீட்டுமுறை உருவாயிற்று. அமைச்சரின் மாளிகையான கெப்பாத்திஹானின் பெயரால் அது வழங்கப்படுகிறது. ஐரோப்பாவில் வழக்கிலிருந்த எண்குறியீட்டு முறையின் செல்வாக்கில் எழுந்தது அது. ஸ்லெண்ட்ரோ சுரங்கள் 1, 2, 3, 5, 6 எனவும், பெலோக் சுரங்கள் 1 முதல் 7 வரையும் குறிக்கப்படுகின்றன. எண்ணின் மேலிடும் புள்ளி மேல்தாயியையும் கீழிடும் புள்ளி கீழ்த்தாயியையும் காட்டும்.

பல்கலைக்கழகக் குழுவில் இக்குறியீட்டின் பயன் வெளிப்படையானது. சில மணிநேரமே கூடும் குழு, ஒரு பாடலை முழுமையாகச் செவிவழிக் கற்கக் காலம் போதாது. பலகையில் எழுதப்பட்ட எண்களைக் கொண்டு முதல் வகுப்பிலேயே ஒரு சிறு உருவை வாசித்துவிட முடிகிறது. அது தரும் மனநிறைவும் மாணவரைத் தொடர்ந்து வரச்செய்கிறது.

எனினும் குறியீடு தருவது பாலுங்கானை மட்டுமே. வேகம், ஈராமா மாற்றம், முழவின் அழைப்பு, விரிக்கும் கருவிகள் தேரும் தொடர்கள் ஆகியவை அதில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. பலகையைப் பார்த்து வாசிப்பவர் மற்றவரைக் கேட்க வேண்டிய தேவை இல்லாதவராகிவிடுகிறார். பலகையை அழித்ததும் குழு தடுமாறுவது இதனாலேயே. ஆயினும் அத்தடுமாற்றத்தின்போதுதான் மாணவர் முதன்முறையாகப் போனாங்கின் முன்தொடுதலையும் கெனோங்கின் அறிவிப்பையும் தேடிக் கேட்கத் தொடங்குகிறார். ஆகவே குறியீட்டைப் பயன்படுத்துவதா கூடாதா என்பதைவிட, எந்தக் கட்டத்தில் அதை விலக்குவது என்பதே ஆசிரியர் எண்ணிப்பார்க்க வேண்டிய வினா.

8. மையம் எது?

மேற்கூறிய செய்திகள் கற்பித்தல் உத்திகளோடு முடிந்துவிடுவன அல்ல. அவை கோட்பாட்டையும் தொடுகின்றன. பாலுங்கான் என்னும் சொல், எலும்பு என்னும் பொருளுடைய ஜாவானியச் சொல்லோடு தொடர்புடையது. குன்ஸ்டும், தொடக்ககாலத்தில் ஹூட்டும் சாரோன் வாசிக்கும் வரியைக் கமெலானின் கருமெலடியாகக் கொண்டனர். 1954இல் வெளிவந்த ஹூட்டின் ஆய்வின் தலைப்பிலேயே இக்கருத்து இடம்பெற்றுள்ளது. மற்றக் கருவிகள் எல்லாம் இக்கருவைச் சுற்றிப் பின்னப்படுபவை என்பது இப்பார்வை.

1975இல் சுமார்சாம் இதற்கு மாறான விளக்கத்தை முன்வைத்தார். கலைஞர்கள் உள்ளத்தில் பாடிக்கொண்டிருக்கும் மெலடி ஒன்று உண்டு. எந்த ஒரு கருவியும் அதை முழுமையாக வாசிப்பதில்லை. ஒவ்வொரு கருவியும் தன் எல்லைக்கும் இயல்புக்கும் ஏற்ப அதை வெளிப்படுத்துகிறது. சாரோனின் வரியும் அவ்வெளிப்பாடுகளுள் ஒன்றே. இதனை 'அகமெலடி' எனத் தமிழில் குறிக்கலாம். கலைஞர்களின் உள்ளத்தில் இருப்பதைச் சாரோன் தன் ஒரே தாயிக்குள் மடித்துத் தருகிறது என்பதால், மேலே செல்லவேண்டிய மெலடி சாரோனில் கீழே திரும்புவதையும் இக்கருத்தால் விளக்க முடிகிறது.

ஜாவாவின் கோட்பாட்டாளர்களும் சாரோனை மையமாகக் கொள்ளவில்லை. மார்த்தோபங்ராவித், மெலடியின் தலைமையை ரெபாபுக்கும் ஈராமாவின் தலைமையைக் கெண்டாங்குக்கும் அளித்தார். ராஹாயு சுபாங்கா (1949–2020) வலியுறுத்திய காராப் என்னும் கருத்து, கொடுக்கப்பட்ட சட்டகத்தைக் கலைஞர் தம் அறிவாலும் உணர்வாலும் பண்படுத்தி இசையாக்கும் செயலைக் குறிக்கிறது. இப்பார்வையில் எழுதப்பட்ட பாலுங்கான் இசையன்று, இசைக்கான மூலப்பொருள்.

இங்கு ஒரு கருத்தை முன்வைக்கலாம். பல்கலைக்கழகக் குழுவில் மாணவர் முதலில் தொடுவது சாரோன், முதலில் பார்ப்பது பாலுங்கானின் எண்கள், உரக்கக் கேட்பதும் அவ்வரியே. கெண்டேரிலோ ரெபாபிலோ தேர்ச்சிபெறப் பல்லாண்டுகள் தேவைப்படுவதால் ஒரு பருவகாலக் குழுவில் அவை ஆசிரியரின் கையிலோ மூத்த மாணவரின் கையிலோ இருக்கும், அல்லது வாசிப்பாரின்றி இருக்கும். அந்நிலையில் மாணவரின் செவிக்கு எட்டும் கமெலானில் பாலுங்கானே மையமாக இருக்கிறது. கற்றலின் வரிசை, இசையின் படிநிலையாகத் தவறாக உணரப்படுகிறது. இரு இசைத் தேர்ச்சி என்னும் இலக்கு, போதிய காலமும் முழுமையான கருவிகளும் இல்லாதபோது, தான் நீக்க நினைத்த அயற்பார்வையையே வேறொரு வழியில் உறுதிப்படுத்திவிடும் இடர் இதில் உள்ளது.

இவ்விடரைக் குறைக்கும் வழிகள் எளியவை. தொடக்க வகுப்புகளிலேயே மாணவர் பாலுங்கானை வாய்விட்டுப் பாடவேண்டும். கெண்டேரும் ரெபாபும் ஒலிக்கும் பதிவுகளை, தாம் வாசிக்கும் அதே உருவுக்குக் கேட்கவேண்டும். ஆசிரியர் ரெபாப் வாசிக்க, சாரோன்கள் மெல்ல ஒலிக்கும் அமைதியான உரு ஒன்றையேனும் பருவத்திற்குள் பயிலவேண்டும். தாம் வாசிப்பது முழுமையின் ஒரு முகம் என்பதை மாணவர் அறிந்தால், அவர் கற்றது குறைவாயினும் பிழையாகாது.

9. ஒழுக்கமும் மதிப்பீடும்

கமெலான் அறையில் காலணியைக் கழற்றிவிட்டு நுழைதல், கருவிகளைத் தாண்டிச் செல்லாதிருத்தல் ஆகியவை மாணவருக்கு முதல்நாளே சொல்லப்படுகின்றன. ஜாவாவில் பெரிய கோங்கிற்கு வியாழன் மாலையில் மலரும் நறும்புகையும் இடும் வழக்கமும் உண்டு. அயல்நாட்டு வளாகத்தில் இவற்றுள் எதைப் பின்பற்றுவது என்பது ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடும். 2004இல் டெட் சோலிஸ் பதிப்பித்த கட்டுரைத் தொகுப்பு, பல்கலைக்கழக உலக இசைக் குழுக்கள் எதிர்கொள்ளும் இத்தகைய சார்பாண்மைச் சிக்கல்களை ஆசிரியர்களின் அனுபவங்களினூடாக விவாதிக்கிறது. வேடிக்கைப் பொருளாக்குதல் ஒரு பக்கம், வெறும் ஒலிக்கருவியாக்குதல் மறுபக்கம் என இரு இடர்களுக்கிடையே ஆசிரியர் நடக்கவேண்டியுள்ளது. கருவியைத் தாண்டாதிருத்தல் நம்பிக்கை சார்ந்தது மட்டுமன்று. கருவி பொதுவுடைமை, தனக்குப்பின் வேறொருவர் அங்கு அமர்வார் என்னும் உணர்வையும் அது பழக்குகிறது.

மதிப்பீடு மற்றொரு சிக்கல். பல்கலைக்கழகம் தனிமாணவருக்கே மதிப்பெண் வழங்குகிறது. கமெலானோ தனித்தன்மையைப் பின்னுக்குத் தள்ளும் இசை. லாத்ராங்கின் 32 அடிகளில் ஒரே ஒருமுறை கோங் அடிக்கும் மாணவரையும், அதே சுழற்சியில் நூற்றுக்கும் மேற்பட்ட அடிகள் அடிக்கும் பெக்கிங் மாணவரையும் ஒரே அளவுகோலால் அளக்க முடியாது. கோங் வாசிப்பவருக்கு விரல்திறன் தேவையில்லை. ஆனால் அவர் ஓரடி தவறினால் குழு முழுவதும் தன் இருப்பிடத்தை இழக்கும். ஆகவே வாசித்த அடிகளைவிட, வேறு கருவிக்கு மாற்றப்பட்டபோது அதே உருவில் தன் இடத்தை மாணவர் எவ்வளவு விரைவில் கண்டுகொள்கிறார் என்பதை மதிப்பிடுவதே பொருத்தமானது. அது கைத்திறனை அல்ல, கேட்டலை அளக்கிறது.

10. முடிவுரை

யுனெஸ்கோ 2021இல் கமெலானை மானுடத்தின் தொட்டுணர முடியாப் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. ஒரு மரபு பட்டியலில் இடம்பெறுவதால் மட்டும் நிலைப்பதில்லை. அதைக் கேட்கத் தெரிந்த செவிகள் உருவாக வேண்டும். பல்கலைக்கழகக் கமெலான் குழு ஒரு பருவத்தில் தேர்ந்த கலைஞரை உருவாக்க இயலாது. ஒலியை அடக்கும் பொறுப்பு, முடிவை நோக்கி நகரும் காலவுணர்வு, ஈராமாவில் உறுதியாக நிற்றல், பிறரைக் கேட்டுத் தன் இடமறிதல் ஆகியவற்றை அது கற்பிக்க இயலும். தான் கற்பிக்காமல் விட்டது எவ்வளவு என்பதையும் சேர்த்துக் கற்பிப்பது அதன் கடமை. அவ்வாறு கற்பிக்காதபோது சாரோனே கமெலான் என்னும் தவறான புரிதல் மாணவரோடு வெளியேறி, நாளை ஆய்வேடாகவும் மாறக்கூடும்.

இச்செய்தி கமெலானுக்கு மட்டும் உரியதன்று. சொற்கட்டையும் சரளிவரிசையையும் ஒரு பருவத்தில் கற்பிக்கும் எந்த இசைத்துறைக்கும் இது பொருந்தும். தொடக்கப் பாடம் எது என்பதைத் தீர்மானிக்கும்போதே, அவ்விசையின் மையம் எது என மாணவர் நம்பப்போவதையும் ஆசிரியர் தீர்மானித்துவிடுகிறார். பாடத்திட்டம் வகுக்கும் குழுக்கள் இதனைக் கருத்தில் கொள்ளுதல் வேண்டும்.